பாலமோரில் மழை பெய்தால் கொட்டாரம் ஏன் கவனிக்கிறது? நாஞ்சில் நாட்டு நெல்லும் 20 நாள் தாமதமும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் குமரி மாவட்ட வாட்ஸ்அப் குரூப்புகளில் தினமும் காலையில் ஒரு பட்டியல் சுற்றும். பாலமோர், பேச்சிப்பாறை, சுருளக்கோடு, பூதப்பாண்டி, மயிலாடி, கொட்டாரம் என்று ஊர் பெயர்கள், பக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கு. கீழே எந்த அணையில் எத்தனை அடி தண்ணீர் என்ற விவரம். செய்திச் சேனல்களும் அதை அப்படியே போடுவது வழக்கம்.

பல நாட்களில் பட்டியலின் மேலே பாலமோர் போன்ற ஒரு மலைப்பகுதி இருக்கும். கொட்டாரத்தில் அன்று சில மில்லிமீட்டர்தான் பதிவாகியிருக்கும். ஆனால் கொட்டாரத்து நெல் விவசாயி முதலில் பார்ப்பது தன் ஊர் கணக்கை அல்ல, பாலமோர் கணக்கையும் பேச்சிப்பாறை அடியையும்தான்.

ஏன் அப்படி? மழை வந்தால் விவசாயத்துக்கு நல்லதுதானே, இதில் என்ன கணக்கு? நாஞ்சில் நாட்டில் "எவ்வளவு மழை" என்பதைவிட "எங்கே, எந்தத் தேதியில்" என்பதுதான் பயிரின் தலையெழுத்தை முடிவு செய்கிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

* நாஞ்சில் நாட்டில் ஆண்டுக்கு 2 நெல் பருவம்: கன்னிப்பூ, கும்பப்பூ.
* கன்னிப்பூவின் தொடக்கம் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. அதன் அறுவடை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிய வேண்டும்.
* ஜூனில் 20 நாள் தாமதமானால் அக்டோபரில் கதிர் நனையும். அதே தாமதம் மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சமாகத் திரும்பி வரும்.
* கால்வாயின் கடைசியில் இருக்கும் கொட்டாரம் போன்ற கடைமடைப் பகுதிகளுக்கு இந்த அடி முதலில் விழுகிறது.

பெயரிலேயே காலண்டர் இருக்கிறது

டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி என்கிறார்கள். குமரியில் கன்னிப்பூ, கும்பப்பூ. "பூ" என்றால் இங்கே போகம். கன்னி என்பது மலையாள ஆண்டுக் கணக்கில் வரும் மாதம், நம்ம புரட்டாசி. கும்பம் என்றால் மாசி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த பகுதி என்பதால் மாதப் பெயர்களும் அந்தக் கணக்கிலேயே நிலைத்துவிட்டன.

கவனித்துப் பாருங்கள். இரண்டு பெயருமே விதைக்கிற மாதத்தைச் சொல்லவில்லை, அறுக்கிற மாதத்தைத்தான் சொல்கின்றன. கன்னிப்பூ நெல் புரட்டாசிக்குள் களத்துக்கு வந்தாக வேண்டும், கும்பப்பூ நெல் மாசிக்குள் வந்தாக வேண்டும். அதைத் தாண்டினால் ஆபத்து என்பது முந்தைய தலைமுறைக்கே தெரிந்திருக்கிறது.

ஏன் புரட்டாசி? ஐப்பசியில் அடைமழை.

இரண்டு மழையும் கிடைக்கும் மாவட்டம்

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையைத்தான் பெரிதாக நம்பியிருக்கின்றன. கன்னியாகுமரி அப்படி இல்லை. கேரளாவை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் இருப்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் இங்கே நன்றாகவே பெய்யும். ஆண்டு சராசரி 1,400 மில்லிமீட்டருக்கு மேல். இது மாநில சராசரியைவிட அதிகம்.

கேட்கும்போது அதிர்ஷ்டக்கார மாவட்டம் மாதிரி தெரியும். ஆனால் அந்த மழை மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி விழுவதில்லை. தென்மேற்குக் காற்று மலையில் மோதும் மேற்கு, வடக்குப் பகுதிகளில் கொட்டித் தீர்க்கும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களுக்கு வரும்போது மழை மெலிந்து காற்று மட்டும் பலமாக வீசும். ஆரல்வாய்மொழி கணவாயில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் இந்தக் காற்றுதான்.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், கடலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது கொட்டாரம். அகஸ்தீஸ்வரம் தாலுகா. ஆக, தென்மேற்குப் பருவமழை நேரடியாகக் குறைவாகக் கிடைக்கும் பக்கம். கன்னிப்பூவுக்கு அந்த வயல்களில் விழும் மழை போதாது. மலையில் விழுந்த மழை கால்வாய் வழியாக வந்து சேர வேண்டும்.

மலையில் இருந்து கடைமடை வரை

கோதையாறு பாசனத் திட்டத்தின் முக்கிய அணைகள் இரண்டு. ஒன்று, திருவிதாங்கூர் அரசு காலத்தில் 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை. முழு உயரம் 48 அடி. இன்னொன்று, 1950-களில் வந்த பெருஞ்சாணி. அதன் உயரம் 77 அடி. இவற்றோடு சிற்றாறு 1, சிற்றாறு 2 அணைகளும் உண்டு.

அணைத் தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து, பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுப் பக்கம் திருப்பப்படுகிறது. அங்கிருந்து தோவாளை சானல், அனந்தனாறு சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு சானல் என்று பிரிந்து, கிளைக் கால்வாய்களில் ஓடி, குளங்களை நிரப்பி, மடை வழியாக வயலுக்குள் போகிறது. வழக்கமாக ஜூன் 1-ல் அணைகளைத் திறந்து, பிப்ரவரி 28-ல் மூடுவார்கள். அரசு ஆவணப்படி இந்தத் திட்டத்தின் பாசனப் பரப்பு 79,000 ஏக்கர்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அணை திறந்த அன்றே எல்லா வயலுக்கும் தண்ணீர் வந்துவிடாது. தலைமடையில் இருப்பவர்கள் உழுது, தொளி கலக்கி, நாற்று நட ஆரம்பித்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். கால்வாயில் புல் மண்டி, மண் மேடிட்டுக் கிடந்தால் அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும். "ஜூன் 1-ல் அணை திறப்பு" என்று நாம் போடும் பிரேக்கிங் நியூஸ், கடைமடை வயலுக்குப் பல நாள் கழித்துத்தான் நிஜமாகிறது.

சுசீந்திரம், தேரூர், பறக்கை பக்கம் இருக்கும் பெரிய குளங்களின் மதிப்பு இங்கேதான் தெரியும். கோடை மழையில் குளத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருந்தால், அணை திறக்கும் வரை காத்திருக்காமல் அதை நம்பி முன்கூட்டியே விதைத்துவிடலாம். 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் - தேரூர் குளங்களை நாம் பறவைகளுக்காகத் தெரிந்து வைத்திருக்கிறோம். விவசாயிக்கு அவை ஒரு மாத முன்பணம் மாதிரி.

உள்ளூர் மழை மட்டும் போதாதா?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். கொட்டாரத்தில் 10 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு 40,000 லிட்டர். பெரிய தொகைதான்.

ஆனால் குறுகிய கால நெல்லுக்கு நாற்று முதல் அறுவடை வரை சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் தேவை. 115 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு ஏறக்குறைய 10 மி.மீ. அதாவது அந்த 40,000 லிட்டரை வயல் ஒரே நாளில் முடித்துவிடும். அடுத்த நாள் மறுபடியும் தண்ணீர் வேண்டும். அதனால்தான் உள்ளூர் தூறலைவிட அணையின் அடி முக்கியமாகிறது.

20 நாள் தாமதம் என்ன செய்யும்?

இந்தக் கட்டுரையின் மையமே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

கன்னிப்பூவில் பரவலாகப் போடும் அம்பை 16, திருப்பதிசாரம் 5 போன்ற ரகங்கள் ஏறக்குறைய 110 முதல் 118 நாளில் அறுவடைக்கு வரும். 115 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

* ஜூன் 1-ல் விதைத்தால் செப்டம்பர் 24-ல் அறுவடை. புரட்டாசி தொடக்கம். பாதுகாப்பு.
* ஜூன் 20-ல் விதைத்தால் அக்டோபர் 13-ல் அறுவடை.

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 2024-ல் அக்டோபர் 15-ம் தேதியும், 2025-ல் அக்டோபர் 16-ம் தேதியும் தொடங்கியது. ஆக 20 நாள் தள்ளிப்போன வயலில் அறுவடை மெஷின் இறங்கும் நேரமும், மழை இறங்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. மெஷின் கிடைக்க நாலு நாள் தாமதமானால் கதை முடிந்தது.

கதை அங்கே நிற்பதில்லை என்பதுதான் பெரிய பிரச்சினை. கன்னிப்பூ அறுத்த வயலில்தான் கும்பப்பூ நட வேண்டும். கும்பப்பூவில் பொன்மணி போன்ற நீண்ட கால ரகம் போட்டால் சுமார் 155 நாள் ஆகும்.

* செப்டம்பர் 20-ல் நாற்றங்கால் போட்டால் பிப்ரவரி 22-ல் அறுவடை. அணை மூடுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்.
* அக்டோபர் 15-ல் போட்டால் மார்ச் 19-ல் அறுவடை. ஆனால் அணை பிப்ரவரி 28-லேயே மூடிவிடும்.

மணி பிடிக்கும் கடைசிக் கட்டத்தில் தண்ணீர் இல்லை என்றால் நெல் பதராகும். அப்போதுதான் "அணையை மேலும் சில நாள் திறந்து வையுங்கள்" என்ற கோரிக்கை வரும். பார்ப்பவர்களுக்கு அது மார்ச் மாதப் பிரச்சினையாகத் தெரியும். உண்மையில் அது ஜூனில் ஆரம்பித்த பிரச்சினை. வட்டிக் கடன் மாதிரி, தாமதம் ஒரு பூவில் இருந்து அடுத்த பூவுக்குக் கைமாறுகிறது.

பருவமழை சொன்ன தேதிக்கு வருகிறதா?

கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய வழக்கமான தேதி ஜூன் 1. ஆனால் 2023-ல் ஜூன் 8, 2024-ல் மே 30, 2025-ல் மே 24. மூன்று ஆண்டில் இரண்டு வாரம் முன்னே பின்னே.

சீக்கிரம் வந்தாலும் நிம்மதி இல்லை. இடையில் மழை நின்றுவிடலாம். எல் நினோ உருவான 2023-ல் ஆகஸ்ட் மாதம் நாட்டிலேயே 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட்டாகப் பதிவானது, வழக்கத்தைவிட 36 சதவீதம் குறைவு. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. குமரியும் தப்பவில்லை.

பொதுவாக எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை மெலிந்து, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் போக்கு இருக்கிறது. எல்லா முறையும் அப்படித்தான் நடக்கும் என்று இல்லை. ஆனால் இரண்டு மழையையும் நம்பும் நாஞ்சில் நாட்டுக்கு அது இரட்டை அடி. கன்னிப்பூவுக்குத் தண்ணீர் தேவைப்படும்போது இல்லை, கும்பப்பூவின் இளம் நாற்று நிற்கும்போது வெள்ளம்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் கன்னியாகுமரியும் இருந்தது. அதே 2017-ன் நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தது. வறட்சிக்கும் புயலுக்கும் இடையில் ஒரு வருடம்கூட இல்லை.

கதிர் முற்றிய பிறகு மழை பெய்தால்?

நெல் பூக்கும்போது தொடர் மழை என்றால் மகரந்தம் சரியாகச் சேராது, பதர் கூடும். பால் பிடித்து மணி முற்றிய பிறகு மழையோடு காற்றும் சேர்ந்தால் பயிர் சாயும். சாய்ந்த கதிர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் நெல் கதிரிலேயே முளைவிடும். அதுவரை போட்ட உரம், கூலி எல்லாம் தண்ணீரோடு போச்சு.

சாயாமல் நின்றாலும் செலவு கூடுகிறது. சகதியான வயலில் டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான் வேண்டும். சாய்ந்த பயிரை அறுக்க மணிக்கணக்கும் கூடும். வைக்கோல் அழுகிவிட்டால் அதில் வரும் வருமானமும் போகும்.

அடுத்தது கொள்முதல். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் அறுத்த நெல் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். 22 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் 94 கிலோதான் மிஞ்சும். 6 கிலோ எடை போவது ஒரு பக்கம், காயவைக்க வெயில் வேண்டுமே? ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது?

2025 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் என்று விலை அறிவிக்கப்பட்டது. நெல் காய்ந்திருந்தால்தான் இந்த விலை. ஈர நெல்லோடு காத்திருக்க முடியாதவர்கள் வியாபாரி கேட்கும் விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இது குமரிக்கு மட்டுமான சிக்கல் இல்லை. 2025 அக்டோபரில் டெல்டாவில் குறுவை நெல் நனைந்து முளைத்தபோது, ஈரப்பத வரம்பை 22 சதவீதமாக உயர்த்தும்படி தமிழ்நாடு அரசு மத்திய அரசைக் கேட்டது.

அணை நிரம்பினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

இல்லை. பேச்சிப்பாறை 42 அடியை நெருங்கினாலே வெள்ள எச்சரிக்கை வந்துவிடும். உபரி நீரைத் திறப்பார்கள். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வரும். அந்தத் தண்ணீர் குழித்துறை வழியாக ஓடி தேங்காப்பட்டணத்தில் கடலில் கலந்துவிடும். அக்டோபர், நவம்பரில் கடலுக்குப் போகும் தண்ணீரை மார்ச் மாதத்துக்கு எடுத்து வைக்க வழியில்லை. குளங்கள் ஆழமாகவும் ஆக்கிரமிப்பு இல்லாமலும் இருந்தால் ஓரளவுக்குப் பிடித்து வைக்கலாம்.

2021 நவம்பரில் குமரியில் கொட்டிய கனமழையில் வயல்களும் வாழைத் தோட்டங்களும் மூழ்கின, நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது. தண்ணீர் அதிகமாக இருந்த வருடம்தான் அது. ஆனால் பயிருக்குத் தேவையான நேரத்தில் வந்த தண்ணீர் அல்ல.

நெல் மட்டும்தானா?

வாழைக்குத் தண்ணீரைவிட காற்றுதான் எமன். குலை தள்ளிய ஏத்தன், செவ்வாழை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி என எதுவாக இருந்தாலும் பலமான காற்று ஒரே இரவில் ஒடித்துப் போட்டுவிடும். ஒக்கி புயல் அதைத்தான் செய்தது. மேற்குப் பகுதியில் மழை நாட்களில் ரப்பர் பால் வெட்ட முடியாது. தோவாளையில் பூக்கள் நனைந்தால் வரத்தும் தரமும் குறையும். ஆனால் இவற்றில் எதுவும் நெல் மாதிரி ஒரு பருவத்தின் தாமதத்தை அடுத்த பருவத்துக்குக் கடத்துவதில்லை.

காப்பீடு கைகொடுக்குமா?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காரிஃப் பருவத்தில் 2 சதவீதம், ராபி பருவத்தில் 1.5 சதவீதம். பொதுவாக இழப்பீடு கிராம அளவிலான சராசரி மகசூலை வைத்துக் கணக்கிடப்படும். இதனால் ஒரு தாழ்வான பத்தில் மட்டும் தண்ணீர் நின்று பயிர் அழுகினால், ஊர் சராசரியில் அது தெரியாமலே போய்விடும். கடைமடைக்காரர்களுக்கு இதுதான் மனக்குறை.

இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நெல் வயல் நீரில் மூழ்குவதால் ஏற்படும் இழப்பை, தனி வயல் அளவிலான பாதிப்பாக 2026 காரிஃப் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2018-ல் நீக்கப்பட்டிருந்த பிரிவு இது. இப்படிப்பட்ட பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. அறுத்து வயலிலேயே காயப்போட்ட பயிர் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தாலும், 14 நாள் வரை காப்பீட்டுக்கு இடமுண்டு.

இதில் பறிபோவது என்ன?

இப்போது குமரியில் ஒரு பூவுக்கு நெல் போடும் பரப்பு சுமார் 6,500 ஹெக்டேர், அதாவது 16,000 ஏக்கர். பாசனத் திட்டத்தின் 79,000 ஏக்கரோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு சின்ன எண் என்று புரியும். மீதி நிலம் எல்லாம் தரிசாகக் கிடக்கவில்லை. தென்னை, வாழை வந்திருக்கிறது. வீட்டு மனைகளும் வந்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் வானிலையைக் குற்றம் சொல்ல முடியாது. கூலி, விலை, நில மதிப்பு என்று பல காரணங்கள். ஆனால் ஒரு பூ நனைந்து, அடுத்த பூ காய்ந்த வருடத்தில்தான் "இனிமேல் நெல் வேண்டாம்" என்ற முடிவை ஒரு குடும்பம் எடுக்கிறது. பத்தில் நடுவில் ஒருவர் தென்னை வைத்தாலோ மனை போட்டாலோ பக்கத்து வயலுக்குப் போகும் வாய்க்காலும் சிக்கலாகிறது. அப்புறம் அவரும் யோசிக்க ஆரம்பிப்பார்.

வயலை நிரப்ப மண் அடித்துவிட்டால் அதை மறுபடி வயலாக்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அந்த மண்ணுக்குக் கீழே போவது நெல் மட்டும் இல்லை, மழைத் தண்ணீர் வடிவதற்கும் தேங்குவதற்கும் இருந்த இடமும்தான்.

இனி பட்டியலை எப்படிப் படிக்கலாம்?

வானத்தைக் கட்டுப்படுத்த முடியாது. தேதிகளைக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம். அடுத்த முறை மழை நிலவரம் மொபைலில் வரும்போது இவற்றையும் சேர்த்துக் கவனியுங்கள்.

* மே மாதம்: கோடை மழையில் குளங்களுக்குத் தண்ணீர் வந்ததா? கால்வாய்கள் ஜூன் 1-க்கு முன்பே தூர்வாரப்பட்டனவா, அல்லது தண்ணீர் திறந்த பிறகு வேலை நடக்கிறதா?
* ஜூன்: அணை திறந்த தேதி மட்டுமல்ல, கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்த தேதி என்ன?
* ஜூலை: விதைப்பு தாமதமான இடங்களில் குறைந்த நாள் ரகத்தின் விதை கையிருப்பில் இருக்கிறதா? திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளூரிலேயே இருக்கும் மாவட்டம் இது.
* செப்டம்பர்: அறுவடை மெஷின்களும் கொள்முதல் நிலையங்களும் மழைக்கு முன்பே தயாரா? உலர்த்த இடம் உண்டா?
* பிப்ரவரி: அணையை மூடும் தேதியை முடிவு செய்யும்போது, கடைசியாக நட்ட வயலின் கணக்கு எடுக்கப்பட்டதா?

பாலமோரில் 60 மில்லிமீட்டர் என்று பார்த்ததும் "நல்ல மழை" என்று சொல்லத் தோன்றும். ஜூன் முதல் வாரம் என்றால் தாராளமாகச் சொல்லலாம். அக்டோபர் இரண்டாவது வாரம் என்றால், கொட்டாரத்தில் அறுப்பு முடிந்துவிட்டதா என்று முதலில் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.